மூன்றரைக்கே விடிந்துவிடும் பாட்டு

பம்பு மெக்கானிக் பதினோரு வருஷமாக அந்தச் சின்ன ஆலயத்தின் பாடகர் குழுவை நடத்திவந்தார். வாரத்தில் ஆறு நாள் கிணற்றில் இறங்கி மோட்டாரைத் தூக்குவார். ஏழாவது நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குழுவுக்கு முன்னால் கையைத் தூக்குவார். ஓடுகிற மோட்டாரைத் தெருமுனையிலிருந்து கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுகிற காது அவருக்கு. அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு இந்தக் குழுவைக் கேட்பதுதான் தனக்கு வாய்த்த சிலுவை என்று நினைத்துக்கொள்வார். வெளியே சொல்லமாட்டார். ஏனென்றால் அந்தச் சிலுவை அவருடைய மாமியார்.

மாமியார் மாவு மில் நடத்துகிறவர். மில் ஓடுகிற சத்தத்துக்கு மேலே, "அடுத்தது யாரு?" என்று நாற்பது வருஷம் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேறிய தொண்டை அது. ஆலயத்துக்குள் வந்தாலும் அந்தத் தொண்டைக்குச் சின்னதாகப் பாடத் தெரியாது. சுருதி சுத்தமாகத்தான் இருக்கும். அதில் மெக்கானிக்கே குறை சொன்னதில்லை. குறை எல்லாம் அவசரத்தில்தான். பதினான்கு பேர் கொண்ட குழுவில் பதின்மூன்று பேர் வரியைத் தொடங்குவதற்கு அரை நொடி முன்னாலேயே அந்த அம்மாள் தொடங்கிவிடுவார். மில்லில் வரிசையை நகர்த்துகிற மாதிரி பாட்டையும் நகர்த்துவார்.

இத்தனை வருஷமும் மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அடுத்தவர் எழுதிய பாட்டுகள்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் போன வருஷம் ஒரு கிணற்றுக்குள் இறங்கி நின்றபோது அவருக்கே ஒரு பாட்டு வந்துவிட்டது. அங்கேதான் வம்பு தொடங்கியது.

பாட்டு சின்னதுதான். இருட்டு நீண்டது என்று ஒரு வரி, கதவு பூட்டியே இருந்தது என்று ஒரு வரி, நாங்கள் காத்திருந்தோம் என்று மூன்றாவது வரி. அதற்குப் பிறகு எல்லாமே நிற்க வேண்டும். குரல் இல்லை, ஆர்கன் இல்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவர் கை இறங்கியதும் பதினான்கு பேரும் ஒரே குரலாக: "விடிந்தது!"

அந்த நாலு எண்ணிக்கை மௌனத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். காகிதத்தில் அந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார். ஆனால் ஒத்திகையில் ஒரு நாளாவது அது முழுசாகக் கிடைத்ததா? ஒன்று, இரண்டு, மூன்று ஒழுங்காகப் போகும். நாலு வருவதற்குள் மாமியாருக்கு விடிந்துவிடும்.

"மூணரைக்கே விடியவைக்கிறாங்கடி உங்கம்மா" என்று வீட்டில் புலம்பினார்.

ஆலயத்தில் கால்மிதி ஆர்கன் வாசிப்பது அவர் மனைவிதான். "அவங்க விடியக்காலை நாலு மணிக்கே எந்திரிக்கிறவங்க. பழக்க தோஷம்" என்றாள்.

"விளையாடாத. நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"நானா? எனக்கு அம்மா வேணும்ங்க. நீங்களே சொல்லிக்குங்க."

போதகரிடம் போனார். போதகர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார், தலையை ஆட்டினார், "ஜெபிச்சுக்கறேன்" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டு யாரோ நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கும் மாவு அந்த மில்லிலிருந்துதான் வருகிறது.

இப்படியே போயிருந்தால்கூட மெக்கானிக் பொறுத்திருப்பார். ஆனால் சபைக்குப் புதுப் பாட்டுப் புத்தகம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதற்குப் பாட்டுப் பொறுக்குகிற பெரியவர் கிராமம் கிராமமாகப் போய்க் கேட்டுவந்தார். வருகிற ஞாயிறு இங்கே வருகிறார். ஒரே ஒரு தடவைதான் கேட்பார். பிடித்தால் எழுதிக்கொள்வார், இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர். மெக்கானிக்குக்கு ராத்தூக்கம் போயிற்று. தான் செத்த பிறகும் எங்கேயோ முகம் தெரியாத ஒரு சபை அந்த நாலு எண்ணிக்கை அசையாமல் நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசையை யாரிடமும் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை. அன்றும் மூன்றரைக்கே விடிந்தது.

சனிக்கிழமை பகலில் ஒரு பை கோதுமையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினார். "டப்பா நிறைய மாவு இருக்கே" என்று மனைவி பின்னால் சொன்னது காதில் விழாத மாதிரி நடந்தார்.

மில்லில் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். புருவம் வரைக்கும் மாவு படிந்த மாமியார், மாவு விழுகிற குழாயில் கட்டிய துணிப்பையைத் தட்டிக்கொண்டிருந்தார். மருமகனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க மாப்பிள்ளை! சொல்லி அனுப்பியிருந்தா நானே அரைச்சுக் கொடுத்து விட்டிருப்பேனே!"

"அத்தை, ஒரு விஷயம் பேசணும்!"

"என்ன?"

மில் அலறியது. அவர் கிட்டே போய்ச் சொன்னார். மாமியார் காதில் கையை வைத்துக் காட்டினார். இன்னும் சத்தமாகச் சொன்னார். "கேக்கல மாப்பிள்ளை!" மூன்றாவது தடவை, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, இருந்த தைரியத்தை எல்லாம் திரட்டிக் கத்தினார். அதே நேரம் கடைசிப் பிடி தானியமும் அரைபட்டு முடிந்தது. மாமியார் மோட்டாரை அணைத்தார்.

"நீங்க அந்த இடத்துல பாடாம இருந்தாதான் பாட்டு நல்லா இருக்கும்!"

வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வருஷமாகக் குழுவிடம் கெஞ்சியும் கிடைக்காத மௌனம் அன்று மில்லில் கேட்காமலே கிடைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தாராளமாக எண்ணியிருக்கலாம். மெக்கானிக்குக்குத்தான் எண்ணுகிற நிலைமை இல்லை.

"எந்த இடத்துல மாப்பிள்ளை?" என்றார் மாமியார், மெதுவாக. அவருக்கு மெதுவாகவும் பேச வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

"அந்த... 'விடிந்தது' வருதே, அங்க. கொஞ்சம் முன்னாடியே வந்துடறீங்க அத்தை. மத்தபடி ஒண்ணுமில்ல. மத்த வரி எல்லாம் நீங்க பாடுனாதான்..." மென்று முழுங்கினார்.

மாமியார் முந்தானையால் புருவத்து மாவைத் துடைத்துக்கொண்டார். "அவ்வளவுதானே. அந்த ஒரு வார்த்தையை விட்டுடறேன். மத்தவங்க பாடட்டும், அதுக்கப்புறம் நான் சேர்ந்துக்கறேன். பையைக் கொடுங்க."

வரிசையை ஓரங்கட்டிவிட்டு முதலில் மருமகனின் கோதுமையை அரைத்துக் கொடுத்தார். சூடான மாவுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பும்போது, காரியம் முடிந்ததே என்கிற சந்தோஷம் மெக்கானிக்குக்கு வரவில்லை. சின்னப் பிள்ளையின் கையிலிருந்து எதையோ பிடுங்கிவிட்டது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. பாட்டுப் பொறுக்குகிற பெரியவர் முன்வரிசையில், மடியில் நோட்டுப் புத்தகமும் விரலிடுக்கில் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். மாமியார் வழக்கமான இடத்தில், பெண்கள் வரிசையின் ஓரத்தில் நின்றார். மெக்கானிக் கையைத் தூக்கினார்.

முதல் வரி பிரமாதம். இரண்டாவது வரி அதைவிடப் பிரமாதம். காத்திருந்தோம் என்று மூன்றாவது வரி இறங்கி ஓய்ந்தது. ஆர்கன் நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றரை.

மாமியார் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றார். மௌனம் முழுசாக இருந்தது. மெக்கானிக்குக்குப் புல்லரித்தது. நான்கு. கையை இறக்கினார்.

ஒருவரும் பாடவில்லை.

மறுபடி கையைத் தூக்கி இறக்கினார். கிணற்றில் மோட்டாரை இறக்கும்போதுகூட அவ்வளவு அழுத்தமாக இறக்கியிருக்கமாட்டார். ஐந்து. ஆறு. அப்போதுதான் குழுவை நன்றாகப் பார்த்தார். ஒரு கண்ணாவது அவர் கையைப் பார்க்கவில்லை. கட்டைக்குரல் தபால்காரர் உட்பட பதின்மூன்று பேரும் கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மாமியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாய் திறந்தால்தான் அவர்களுக்கும் திறக்கும். ஏழு. ஆர்கனுக்குப் பின்னாலிருந்த மனைவியைப் பார்த்தார். அவளும் விரலைக் கட்டைகளின் மேல் தயாராக வைத்துக்கொண்டு அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருஷம் இந்தக் கை யாருக்காக ஆடியது? மெக்கானிக்குக்குக் காது மடல் சுட்டது. இந்த ஒரு மௌனத்தைத் தவிர வேறெங்கும் அந்த அம்மாள் அவசரப்பட்டதே இல்லை. மற்றவர்கள்தான் அவர் தொடங்குவதைக் கேட்டுவிட்டு, பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். இதை இத்தனை வருஷம் கண்டுபிடிக்காத காதுதான் தெருமுனையிலிருந்து பேரிங்கைக் கண்டுபிடிக்கிறது! எட்டு. முன்வரிசையில் பென்சில் அந்தரத்தில் நின்றது. சபையில் இருமல் சத்தம்கூட இல்லை. எல்லோருமே விடியலுக்குக் காத்திருந்தார்கள். மாமியார் மட்டும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு, கண்ணில் நீர் கோத்து நிற்க, உதட்டைப் பிரிக்காமல் நின்றார்.

புத்தகம் போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது மெக்கானிக்குக்கு. கையைக் கீழே போட்டார்.

"அத்தை," என்றார், சபை முழுவதற்கும் கேட்கும்படி. "நீங்க பாடுங்க."

"இப்பவா மாப்பிள்ளை?"

"இப்பதான் அத்தை."

மாமியார் மூச்சை இழுத்தார். "விடிந்தது!" என்று அந்தத் தொண்டை கூரைக்கு எழும்பியது, அரை நொடி கழித்துப் பதின்மூன்று பேரும் விழுந்தடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள், ஆர்கனும் போயிற்று. மெக்கானிக் கையை ஆட்டவில்லை. அவரும் வாயைத் திறந்து பாடினார், மற்றவர்களைப் போலவே அரை நொடி தாமதமாக.

ஆராதனை முடிந்ததும் பெரியவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தபடியே வந்தார். "தம்பி, பாட்டை எழுதிக்கிட்டேன். ஒரு சந்தேகம். அந்த மௌனம் எத்தனை எண்ணிக்கை? நான் ஒன்பது வரைக்கும் எண்ணினேன்."

நாலு என்று சொல்ல வாயெடுத்தார் மெக்கானிக். நாலுதான் சரி, சிவப்பு வட்டமிட்ட காகிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் பக்கத்தில் மாமியார் பாட்டுத்தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு நின்றார்.

"எங்க அத்தையைக் கேளுங்கய்யா," என்றார். "இந்தக் குழுவை நடத்துறது அவங்கதான். நான் சும்மா கையைத்தான் ஆட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

பெரியவர் மாமியார் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா, எத்தனைன்னு போடட்டும்?"

மாமியார் தாள்களைத் தட்டி விளிம்பு சேர்த்தார். மருமகனின் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"எண்ணிக்கை எல்லாம் எதுக்குங்க," என்றார். "மாப்பிள்ளை கூப்பிடற வரைக்கும்னு போட்டுக்குங்க."

பெரியவர் அப்படியே எழுதிக்கொண்டார்.