மேற்கே பார்த்த சைக்கிள்

மார்க்கெட் சதுக்கத்து சைக்கிள் ஸ்டாண்டில் விட்ட சைக்கிள்கள், தத்தம் சொந்தக்காரர் இருக்கிற திசைக்கு ஹேண்டில்பாரைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தது, தகர டோக்கன் போய் பிளாஸ்டிக் டோக்கன் வந்த வருடம். முதல் இரண்டு வாரம் ஊரார் முகம் சுளித்தார்கள். பிரேக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன, பெல் மூடிகள் உரசிக் கழன்றன. ஸ்டாண்டு நடத்தியவள் வரிசைக்கு வரிசை ஒரு முழம் இடைவெளி விட்டாள்; இருநூறு சைக்கிள் நின்ற இடத்தில் நூற்று அறுபதுதான் நின்றது, மற்றபடி சிக்கல் தீர்ந்தது. அதற்குப் பிறகு மக்களே அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டியூஷனுக்குப் போன மகனின் சைக்கிள் தியேட்டர் பக்கம் பார்ப்பதைக் கண்ட தாய்மார்கள் அங்கிருந்தே நேராகத் தியேட்டருக்கு நடந்தார்கள். உடம்பு சரியில்லை என்று லீவு போட்ட குமாஸ்தா ஒருவர், தன் சைக்கிள் சீட்டாட்ட கிளப்பைக் காட்டிக்கொடுத்ததில் இருந்து, உண்மையாகவே காய்ச்சல் வந்தாலும் ஆபீசுக்குப் போனார். திருட வந்த ஒருவன் பூட்டில் கை வைத்தபோது ஹேண்டில்பார் மெல்லத் தன் பக்கமாகத் திரும்புவதைப் பார்த்து, சொந்தக்காரர் தன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார் என்று புரிந்து, செருப்பை விட்டுவிட்டு ஓடினான். சொந்தக்காரர் இறந்துபோனால் ஹேண்டில்பார் தளர்ந்துவிடும்; எவ்வளவு முறுக்கினாலும் நட்டு பிடிக்காது, காற்றுக்கு இப்படியும் அப்படியும் ஆடும். அப்படி ஆடும் சைக்கிளை அவள் தனியே எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்து, வீட்டாருக்கு ஆள் சொல்லி அனுப்புவாள். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வருவதற்குள் இங்கிருந்து போய்விடும்.

முதன்முதலாகத் திரும்பியது 118-ஆம் டோக்கன் சைக்கிள். லேடீஸ் சைக்கிள், நீல நிறம், முன்னால் கூடை. அது அவளுடைய தங்கையின் சைக்கிள்.

அக்காவும் தங்கையுமாக இருவர்தான் அந்த ஸ்டாண்டை நடத்திவந்தார்கள். மாடியில் ஒரே அறை, இரண்டு கட்டில். அக்கா டோக்கன் கொடுப்பாள், தங்கை வண்டிகளை வரிசையில் விடுவாள். பல்செட் செய்கிற ஒருவர் நான்கு வருடம் தினமும் அங்கே சைக்கிள் விட்டார். ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு அவர் கையால் ஆனது, அவர் மட்டும் அதிகம் சிரிக்க மாட்டார். அவர் வண்டியை வாங்கி வரிசையில் விடத் தங்கை வந்தால் மட்டும் கொஞ்சம் சிரிப்பார். ஒருநாள் காலையில் அவர் அக்காவிடம் வந்து, மென்று விழுங்கி, விஷயத்தைக் கேட்டுவிட்டார். அக்கா தலையை நிமிர்த்தவில்லை. அவருடைய ஹேண்டில்பாரில் டோக்கனை மாட்டிக்கொண்டே, "அவளுக்கு வேற இடத்துல பேசி முடிச்சாச்சுங்க" என்றாள். எங்கேயும் பேசவில்லை. மாடியில் ஒரு கட்டில் காலியாகக் கிடப்பதை அவள் மனதில் பார்த்துவிட்டாள், அவ்வளவுதான். பல்செட்காரர் மறுநாளிலிருந்து வேறு எங்கோ சைக்கிளை விட்டார். இரண்டு வருடம் கழித்து, துணிக்கடை வாசலில், கைக்குழந்தையோடு நின்ற அவர், எதிரே வந்த தங்கையிடம், "நிச்சயமாச்சுன்னு சொன்னாங்களே, கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா?" என்று விசாரித்தார்.

தங்கை வீட்டுக்கு வந்து சண்டை போடவில்லை. துணிக்கடைப் பேச்சு பின்னால் காதுக்கு வந்தபிறகு அக்கா நினைத்து நினைத்து மாய்ந்தது அதைத்தான். மறுநாள் காலை ஆறரைக்கு, எப்போதும் மேஜைக்குப் பக்கத்தில் சும்மா நிற்கும் தன் நீல சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய் வரிசையில் விட்டாள். திரும்பி வந்து கையை நீட்டினாள்.

"டோக்கன் குடு."

"என்னடி விளையாட்டு காலங்காத்தால?"

"எல்லாருக்கும் குடுக்கிற மாதிரி எனக்கும் குடு."

அக்கா சிரித்துக்கொண்டே கொடுத்தாள். தங்கை அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, கூட்டத்தில் ஒருத்தியாக வெளியே நடந்தாள். டோக்கன் வராமல் வண்டி போகாது என்பது அந்த ஸ்டாண்டின் சட்டம். ஆகவே வண்டி போகவில்லை. அன்று மத்தியானம் அதன் ஹேண்டில்பார் மேற்கே திரும்பியது.

மேற்கே என்றால் மணிக்கூண்டு, அதைத் தாண்டி பஸ் நிலையம், அதைத் தாண்டி நெடுஞ்சாலை, நெடுஞ்சாலையின் கோடியில் துறைமுகம், அதற்கப்புறம் கடல். அக்கா மனதுக்குள் ஒரு வருடம் தங்கையைத் துறைமுகத்தில் வைத்திருந்தாள். அப்புறம் கப்பலேற்றினாள். யாராவது கேட்டால், "தங்கச்சி வெளிநாட்டுல இருக்கா, நல்லா இருக்கா" என்பாள். ஹேண்டில்பார் உறுதியாக நிற்கிறது, ஆகவே உயிரோடு இருக்கிறாள். அந்த மட்டில் பொய் இல்லை. மற்றதை அவளாகவே கட்டிக்கொண்டாள். ஒரு புருஷன், உயரமானவன். இரண்டு பிள்ளைகள். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற சமையலறை. தினமும் காலை எட்டரைக்கு ஹேண்டில்பார் மூன்று விரற்கடை வடக்கே நகரும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பழைய இடத்துக்கு வரும். நகர்ந்ததும், "கெளம்பிட்டா" என்று சொல்லிவிட்டு அக்கா காலைச் சாப்பாட்டுக்கு உட்காருவாள். திரும்பியதும், "வந்துட்டா" என்று சொல்லிவிட்டு விளக்கைப் போடுவாள். அவள் சொல்வதைக் கேட்க நூற்று அறுபது சைக்கிள்கள் இருந்தன. வாரம் இருமுறை நீல சைக்கிளுக்குக் காற்றடித்தாள், மாதம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய் விட்டாள். இரண்டு தரம் டயர் மாற்றினாள். ஸ்டாண்டை விட்டு அவள் எங்கேயும் போகவில்லை. வேண்டியதெல்லாம் சுற்றியிருந்த மார்க்கெட்டில் கிடைத்தது, மணிக்கூண்டுக்கு அந்தப் பக்கம் என்ன மாறியிருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியாது. இப்படிப் பத்தொன்பது வருடம் போனது.

பிறகு நகராட்சி, மார்க்கெட் சதுக்கத்தை இடித்துவிட்டு, ரயில் நிலையத்துக்கு எதிரில் பாதுகாப்பான சைக்கிள் நிறுத்தம் ஒன்றைக் கட்டுவது என்று முடிவு செய்தது. கூரை, கம்பிச் சுவர், கேமரா, எல்லாம் உண்டு. திட்டத்தோடு வெளியூரிலிருந்து வந்த இன்ஜினியர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், பேச்சில் வேகம், நடையில் அதைவிட வேகம். அவள் கொண்டுவந்த படத்தில் ஒவ்வொரு சைக்கிளின் முன்சக்கரத்தையும் ஓர் இரும்பு இடுக்கி கவ்விப் பிடித்திருந்தது. இதற்குள் ஊருக்கே ஸ்டாண்டுக்காரம்மா ஆகிவிட்ட அக்கா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படிக் கழுத்தைப் பிடிச்சா, அது எப்படிம்மா திரும்பும்?"

"திரும்பக் கூடாதுன்னுதானே பூட்டுறோம்?"

"பூட்டுங்க, வேணாங்கலை. இடுப்பைப் பிடிங்க. கழுத்தை விட்டுடுங்க."

இன்ஜினியர் பெண் அன்று பகல் முழுவதும் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஹேண்டில்பார்களைக் கவனித்தாள். படத்தில் இடுக்கிகளை அடித்துவிட்டு, வளைத்து நட்ட இரும்புக் குழாய்களை வரைந்தாள். சைக்கிளின் நடுச்சட்டத்தை அதோடு சேர்த்துப் பூட்டிக்கொள்ளலாம், முன்சக்கரம் அதன் இஷ்டத்துக்கு இருக்கும். கோப்பில் காரணம் என்ற இடத்தில், வாகனங்களின் இயல்பான திரும்புதலுக்கு இடமளிக்க, என்று எழுதினாள். மேலே இருந்தவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

இடம் மாறுகிற நாளில் மற்ற சைக்கிள்களை லாரியில் ஏற்றினார்கள். கடைசியாக, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், 118-ஐ ஸ்டாண்டுக்காரம்மா தானே உருட்டிக்கொண்டு போனாள். உருட்டும்போது அது எல்லா சைக்கிளையும் போலக் கைக்குப் பணிந்து வந்தது. புது இடத்தில் குழாயோடு சேர்த்துப் பூட்டி, பக்கத்திலேயே நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஹேண்டில்பார் அசைந்தது. மேற்கே போகவில்லை. நேர் தெற்கே திரும்பி நின்றுவிட்டது.

ஒரே பகலில் கடல்கடந்த தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்கு யார் குடிபெயர்வார்கள்? பிள்ளைகளின் படிப்பு என்ன ஆவது? இன்ஜினியர் பெண் வந்து என்னவென்று கேட்டாள், கேட்டுவிட்டு நகரப் படத்தை மேஜைமேல் விரித்தாள்.

"அவங்க நகரலைம்மா. நீங்கதான் நகர்ந்திருக்கீங்க."

"நான் அரை கிலோமீட்டர்தானே வந்தேன்?"

"அதுதான் விஷயம். அவங்க கடல் தாண்டி இருந்தா, நாம அரை கிலோமீட்டர் நகர்ந்ததுக்கு இது இம்மிகூட அசைஞ்சிருக்காது."

அவள் ஸ்கேலை வைத்து, பழைய ஸ்டாண்டிலிருந்து மேற்கே ஒரு கோடு போட்டாள். புது ஸ்டாண்டிலிருந்து தெற்கே ஒரு கோடு. இரண்டும் மணிக்கூண்டுக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த ஒரு தெருவில் வெட்டிக்கொண்டன. இன்ஜினியர் பெண் பென்சிலை அந்தப் புள்ளியில் வைத்துவிட்டு நிமிர்ந்தவள், ஸ்டாண்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்த்து ஸ்கேலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

மூன்று நாள் ஸ்டாண்டுக்காரம்மா ஒன்றும் செய்யவில்லை. உயரமான புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்கு ஹேண்டில்பார் வேலையிடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பியதைப் பார்த்துவிட்டு, "ஒரு மணி நேரம் ஒக்காந்துக்கிறியா?" என்று இன்ஜினியர் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினாள். நடந்து போக ஒன்பது நிமிஷம் ஆனது. பென்சில் புள்ளி விழுந்த இடத்தில், கீழே இஸ்திரி போடுகிற கடை, பக்கவாட்டில் படிக்கட்டு. இஸ்திரிக்காரி, "மேல இருக்கிற அக்காவைத் தேடியா? கண் ஆஸ்பத்திரியில சீட்டு எழுதறவங்கதானே? இப்பதான் வந்தாங்க. போங்க, ஒண்டிக்கட்டைதான், கூச்சப்பட வேண்டாம்" என்றாள். மேலே கதவுக்கு வெளியே ஒரே ஒரு ஜோடி செருப்பு இருந்தது. பக்கத்தில் சின்னச் செருப்பு எதுவும் இருக்கிறதா என்று அக்கா குனிந்து பார்த்தாள்.

தங்கை கதவைத் திறந்தாள். முன்தலை முழுக்க நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள்.

"நீயா?"

"நான்தான்."

"ஸ்டாண்டை யார் பாத்துக்கறா?"

"இன்ஜினியர் பொண்ணு ஒக்காந்திருக்கு."

"டோக்கனை மாத்தி மாட்டிடப் போகுது."

உள்ளே ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஜன்னல் திறந்திருந்தது, தண்ணீர்த் தொட்டியின் தூண் தெரிந்தது. அக்காவுக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டுத் தங்கை சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நீ கடல் தாண்டிப் போயிட்டேன்னு நெனச்சேன்."

"யார் சொன்னா?"

"உன் சைக்கிள்தான். மேற்கே காட்டிக்கிட்டே நின்னுச்சு."

"அது பக்கத்துத் தெருவையும் அப்படித்தான் காட்டும், பரதேசத்தையும் அப்படித்தான் காட்டும். திசையைத்தான் அது சொல்லுச்சு. தூரத்தை நீ வச்சுக்கிட்ட."

அக்கா ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியின் தூணைப் பார்த்தாள்.

"இங்கதான் இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "பயந்திருப்பேன்டி" என்று வந்தது.

"ம்."

"அவர் அன்னிக்குக் கேட்டப்ப நான்தான்..."

"அவர் செத்து நாலு வருஷமாச்சு. கூட்டத்தோட நின்னு பாத்துட்டு வந்தேன். அவர் பொண்டாட்டிகிட்ட நான் யார்னு சொல்லிக்க ஒண்ணுமே இல்ல எனக்கு. ஒரு வார்த்தைகூட."

இதைச் சொல்லும்போது தங்கையின் குரல் உயரவில்லை. கீழே இஸ்திரிக்காரி துணியில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்தாள், அவள் கையைப் பிடிக்கப் போனாள், பிடிக்கவில்லை.

"வீட்டுக்கு வாடி."

"இதுதான் வீடு."

"டோக்கனாவது வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன். குடுக்க மாட்டேன்." தங்கை கதவருகே போய் நின்றாள். "வண்டி அங்கயே இருக்கட்டும். காத்து மட்டும் பாத்து அடிச்சு வை."

"அடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

"சரி. இருட்டறதுக்குள்ள போ. படி உடைஞ்சிருக்கு, மூணாவது படி, பாத்து."

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஐந்தரை மணிக்கு 118-இன் ஹேண்டில்பார் தெற்கிலிருந்து கிளம்பியது. அவசரமில்லாமல், யாரோ கடைகடையாக நின்று வருவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கம்பிச் சுவருக்கு வெளியே உள்ள தெருவின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து நின்றது. கால் மணி நேரம் அப்படியே நின்றது. ஸ்டாண்டுக்காரம்மா தலையை நிமிர்த்தவில்லை. டோக்கன்களை எண் வாரியாக அடுக்கினாள், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். பிறகு ஹேண்டில்பார் வந்த வழியே தெற்கே போனது. அதற்கடுத்த வியாழனும் அப்படியே நடந்தது, அதற்கடுத்ததும். ஒரு மாதம் கழித்து அவள் இன்ஜினியர் பெண்ணிடம் சொல்லி, சுவரோரம் இருந்த தன் மேஜையை டியூப்லைட்டுக்கு நேர் கீழே, தெருவிலிருந்து நன்றாகத் தெரிகிற இடத்துக்கு நகர்த்திக்கொண்டாள். வியாழக்கிழமைகளில் தலைவாரிக்கொண்டு உட்காருவாள்.

மழைக்காலத்தில் இரண்டு வியாழன் தவறியது, பிறகு சரியாகிவிட்டது. நகராட்சி 118 நின்ற வரிசைக்கும் கம்பிச் சுவருக்கும் இடையே தரையில் மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்தது. வியாழன் மாலை ஐந்தரைக்கு வண்டி எடுக்க வருகிறவர்கள் அந்தக் கோட்டுக்குள் நிற்காமல் சுற்றிக்கொண்டு போவார்கள். ஊருக்குப் புதியவர்கள் ஏன் என்று கேட்டால், ஸ்டாண்டம்மாவைப் பாக்க ஆள் வந்திருக்கு, கொஞ்சம் தள்ளிப் போங்க, என்பார்கள்.