பொங்கினதும் இறக்கிய பால்

தையல்காரருக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ஊசியில் நூல் கோத்தார், தப்பியது. மறுபடியும் கோத்தார், வந்தது, ஆனால் எதற்காகக் கோத்தோம் என்பது மறந்துபோனது. ஆளும் நூல் மாதிரிதான் இருப்பார். தெருவில் அவருக்குப் பெயரே 'நூலு'.

அவர் மனைவிக்கு அன்று பஸ் டெஸ்ட். டிப்போவில் இத்தனை வருஷமாகப் பஸ் கழுவிக்கொண்டிருந்தவள், அன்று அதே பஸ்ஸை ஓட்டிக் காட்டப் போகிறாள். தேறினால் ஓட்டுநர் வேலை. தவறினால் பழையபடி வாளியும் துடைப்பமும்தான். அடுத்த டெஸ்ட் எப்போது என்று அதை வைக்கிறவர்களுக்கே தெரியாது.

அவளுக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு வாய் குடித்தால் வயிறு உப்பி மத்தளம் கொட்டும். "டெஸ்ட் அன்னிக்கு வெறும் வயித்தோட போகாத. சோயா பால் நான் போட்டுத் தரேன்" என்று நூலு வாக்குக் கொடுத்திருந்தார். முந்தின நாளே சோயா பீன்ஸை ஊறப்போட்டார். தோலைக் கசக்கி எடுத்தார், தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்தார். கோட்டுக்கு உள்பக்கம் வைக்கும் மெல்லிய துணியில் ஒரு பை தைத்து, அதில் ஊற்றிப் பிழிந்தார். பையின் ஓரத்துக்கு இரட்டைத் தையல் வேறு! பால் வெள்ளைவெளேரென்று இறங்கியபோது தானே பெற்றெடுத்த மாதிரி அவருக்கு ஒரு பூரிப்பு.

அடுப்பில் வைத்தார். நுரை கட்டி, சட்டென்று விளிம்புவரை எழும்பி வந்தது. பால் பொங்கினால் இறக்க வேண்டியதுதானே, இதற்கென்ன படிப்பா வேண்டும்? இறக்கினார். சர்க்கரை போட்டு, ஃபிளாஸ்க்கில் ஊற்றி, மனைவி கையில் கொடுத்து அனுப்பினார். பாத்திரத்தில் இருந்ததில் ஒரு டம்ளர் தானும் குடித்தார். பச்சை வாடை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. புதுசுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, மூலைக்கடையில் சோயா பாலைத் திரித்து டோஃபு செய்து விற்கும் அக்கா வந்தார். டோஃபு அமுக்கும் பெட்டிக்குள் விரிக்கிற துணிகளை ஓரம் அடிக்கக் கொடுத்திருந்தார். அடுப்படியில் தொங்கிய பையைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு.

"என்ன தம்பி, என் பொழப்புல மண்ணப் போடப் பார்க்கறியா?"

"இல்லக்கா, சும்மா வீட்டுக்கு. கொஞ்சம் ருசி பாருங்களேன்."

அக்கா மிச்சத்தில் ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சிங்க்கில் துப்பிவிட்டு, "எவ்வளவு நேரம் கொதிச்சுது?" என்றார்.

"எங்கக்கா கொதிக்க? பொங்கினதும் இறக்கிட்டேன்."

"அடப்பாவி! இது மாட்டுப்பால்னு நினைச்சியா? இது கொதிக்கறதுக்கு முன்னாடியே நுரைய எழுப்பி வேஷம் போடும்ப்பா. தீயக் குறைச்சு, கிண்டிக்கிட்டே இன்னும் நல்லா கொதிக்க விடணும். பச்சையா உள்ள போச்சுன்னா வயித்தப் புரட்டி எடுத்துரும்."

நூலு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எப்போக்கா? எவ்வளவு நேரத்துல?"

"அதுக்கு என்ன கடிகாரமா இருக்கு? யார் குடிச்சா?"

பதில் சொல்ல அவர் அங்கே இல்லை. அளவு நாடா கழுத்திலேயே தொங்க, ஜோடி மாறிய செருப்போடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். மனைவியைப் போனில் கூப்பிட்டால், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. கிடைத்த பஸ்ஸில் ஏறினார். அதுவோ கை காட்டியவருக்கெல்லாம் நின்று நின்று போனது. இவர் முன்னால் போய் ஓட்டுநரின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"சீட்டு காலியா இருக்கே, உக்காருங்க" என்றார் ஓட்டுநர்.

"வேண்டாங்க. நின்னாதான் சீக்கிரம் போகும்."

டிப்போவின் சிமெண்டு மைதானத்தில் பீப்பாய்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஓரத்துப் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஃபிளாஸ்க் பக்கத்தில் இருந்தது. நூலு அதைத் தூக்கிக் குலுக்கினார். சத்தமே இல்லை.

"குடிச்சிட்டியா?"

"ஒரு சொட்டு விடல. அமிர்தம் மாதிரி இருந்துச்சுங்க. இதக் கேக்கவா இவ்வளவு தூரம் ஓடி வந்தீங்க?"

"ஐயோ, அது வேகலம்மா! வயித்தக் கலக்கப் போகுது. நீ வண்டிய எடுக்காத."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. வாயைத் திறப்பதற்குள் அதிகாரி அவள் முறை வந்துவிட்டது என்று கூப்பிட்டார். நூலு குறுக்கே போய் நின்றார். "சார், இவளால இன்னிக்கு ஓட்ட முடியாது. சாப்பிட்டது சரியில்ல. நடு வழியில ஏதாவது ஆச்சுன்னா..."

"உடம்பு முடியலைன்னா பரவாயில்ல" என்றார் அதிகாரி. "அடுத்த தடவ வரட்டும். யாருங்க அடுத்த ஆள்?"

"சார், சார்! எனக்கு ஒண்ணுமில்ல!" அவள் எழுந்தே விட்டாள். "நான் அதக் குடிக்கவே இல்ல."

மைதானமே திரும்பிப் பார்த்தது.

"கீழ ஊத்திட்டேங்க" என்றாள் நூலுவிடம், குரலைத் தாழ்த்தி. "வாடை தாங்கல. நீங்க ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம நின்னு செஞ்சத வேண்டாம்னு எப்படிச் சொல்றது? கேன்டீன்ல ஒரு பன்னு சாப்பிட்டேன். சண்டைய வந்து வச்சுக்கலாம்." சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினாள்.

நூலுவுக்கு நிம்மதியாகவும் இருந்தது, சுருக்கென்று குத்தவும் செய்தது. அந்த இரட்டைத் தையல் பையை நினைத்துக்கொண்டார். ஊற்றிவிட்டாளாமே! முதலில் நிம்மதிப்படுவதா, வருத்தப்படுவதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், வயிற்றுக்குள் யாரோ பெஞ்சை இழுத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

யார் குடித்தது என்று அக்கா கேட்டது அப்போதுதான் உறைத்தது.

பஸ் பீப்பாய்களைச் சுற்றி வந்தது. நூலு பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், ஒற்றைக்காலில் நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை. கழிப்பறை எங்கே என்று கண் தானாகத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது, கால்தான் போக மாட்டேன் என்றது. அவள் இனிமேல்தான் பஸ்ஸைப் பின்னால் எடுக்க வேண்டும். இத்தனை வருஷம் அவள் கண்ட கனவில் அந்த ஒரு இடத்தைப் பார்க்காமல் போவதா? அளவு நாடாவின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

பஸ் பின்னால் வந்தது. ஒரு பீப்பாயை உரசியது. அது ஆடியது. ஆடி, யோசித்து, நின்றுவிட்டது. அதிகாரியின் தலை மேலும் கீழும் அசைந்ததைப் பார்த்தாரோ இல்லையோ, நூலு பிடித்தார் ஓட்டம்.

அவள் இறங்கி வந்தபோது பெஞ்சில் ஆளில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று அவளுக்குப் பகீரென்றது. பஸ் கழுவிக்கொண்டிருந்த கூட்டாளி ஒருத்தி சிரித்தபடி கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினாள். இவள் போய்க் கதவைத் தட்டினாள்.

"ஏங்க, தேறிட்டேங்க!"

உள்ளே முனகல். பிறகு, "தெரியும்... முழுசா பார்த்துட்டுதான்... வந்தேன்."

"நீங்க அதக் குடிச்சீங்களா?"

"ஒரு டம்ளர்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "நான் ஊத்தினதுல கோபமா?"

"நல்லவேளை ஊத்தின, தாயே."

"நாளைக்கு மறுபடியும் போடுங்க. நல்லா கொதிக்கட்டும். ஃபிளாஸ்க்கெல்லாம் வேண்டாம், உங்க கண்ணெதிர்லயே குடிக்கறேன். நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்வேன்."

"சொல்லு. ஆனா இப்போ பால் பேச்ச எடுக்காத."

அவள் தன் பழைய வாளியை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு, கதவுக்கு வெளியே உட்கார்ந்தாள். உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.