டாக்டர் கம்ரானி சேர்த்துவைத்த ஜோடி

இரண்டு பேரும் மனமொத்து விவாகரத்து கேட்டாலும், 'இவர்கள் இனிச் சேர மாட்டார்கள்' என்று ஆலோசகர் ஒருவர் எழுதித் தந்தால்தான் ஷிராஸ் நகர நீதிமன்றம் திரும்பிப் பார்க்கும். அதற்காகத்தான் ஃபரங்கிஸ் தன் கணவன் சியாமக்கோடு ஆலோசகர் டாக்டர் கம்ரானியின் அறைக்கு வந்தாள். அவன் வீட்டிலேயே சம்மதம் சொல்லிவிட்டான், சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் விட்டெறிந்தபடி.

கூத்து வாசலிலேயே ஆரம்பித்தது. "நீங்க முதல்ல, ஃபரங்கிஸ் ஜான்" என்று 'ஜான்' போட்டுக் கொஞ்சி ஒதுங்கி வழிவிட்டான், வீட்டில் 'ஏய்' என்பதற்கு மேல் அவளை அழைத்தறியாத அந்த மகானுபாவன். வெளியாள் முன்னால் தன்னைத் தாழ்த்தி அடுத்தவரை உயர்த்திப் பேசாதவர்களை அந்த ஊரில் யாரும் மதிப்பதில்லை. கம்ரானியும் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் அதெல்லாம் அவருக்கு மறந்துபோய்விடும் போலும்.

தவறு யாருடையது என்று கேட்டார். எல்லாம் தன்னுடையதுதான், இவள் ஒரு தேவதை என்றான் சியாமக். ஃபரங்கிஸ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்படியும் ஊறிப்போன பழக்கம் விடுமா? இல்லை, குறையெல்லாம் என்னிடம்தான் என்று அவள் வாயும் சொல்லித் தொலைத்தது. கம்ரானிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. இவ்வளவு அன்பை இந்த அறையில் பார்த்ததே இல்லையாம்.

"இவங்களுக்காக என் உயிரையே தருவேன் டாக்டர்" என்றான் சியாமக்.

"கேட்டீங்களா, ஃபரங்கிஸ் கானும்? இவரை விட்டுட்டா போவீங்க?" என்றபடி கம்ரானி பேனாவைத் திறந்தார்.

இந்த அசடு மட்டும் சமரசம் என்று எழுதிவிட்டால், தான் மறுபடி அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஃபரங்கிஸ் கணவன் பக்கம் திரும்பினாள்.

"உயிரெல்லாம் வேண்டாம். டாக்டர் முன்னாடி விவாகரத்துக்குச் சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்."

உபசாரத்துக்குச் சொன்னதை நிஜமாகவே கேட்டு வாங்குவதைவிடப் பெரிய மரியாதைக்கேடு அந்த ஊரில் கிடையாது. கம்ரானி முகத்தைச் சுளித்தார். சியாமக் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் வெளியாள் முன்னால் இல்லை என்று சொல்லிப் பழகாத வாய் அது.

"உங்களுக்கு முன்னால அதெல்லாம் ஒரு பொருட்டா, ஜான்" என்று தானாகவே சொல்லிவிட்டது.

"ரொம்ப சந்தோஷம்" என்று அவள் டாக்டரின் விரல்களிலிருந்து பேனாவை உருவி அவன் கையில் கொடுத்தாள். கையெழுத்து விழுந்தது. கணவனே ஒப்புக்கொண்ட பிறகு, இனிச் சேர மாட்டார்கள் என்று கம்ரானியும் அதன் கீழே எழுத வேண்டியதாயிற்று. எழுதும்போதுகூட, இன்னும் நாலு தடவை வந்து பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.