சமீபத்தில் திறந்தவை

லிப்ட் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு திருட்டுத்தனம் இருந்தது. தினமும் காலையில் மனைவி குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரைத் திறப்பான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஸ்கேன் எடுத்த இடத்தில் கொடுத்த வீடியோவை ஓடவிடுவான். அவள் வயிற்றில் இருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு அது. அரை நிமிஷம்கூட வராது.

அதைத் தொடமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். இதற்கு முன் இரண்டு தடவை ஆசை ஆசையாகப் பார்த்து, பெயர்கூட யோசித்து, இரண்டு தடவையும் வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்கள். "இந்தத் தடவை டாக்டர் பயமில்லைன்னு சொல்ற வரைக்கும் அதைத் திறக்கவே கூடாது, ரெண்டு பேரும்" என்று அவள் சொன்னபோது மறுபேச்சில்லாமல் தலையாட்டினான்.

தலையாட்டியவன் மறுநாளே திறந்தான். வாயைக் கட்டலாம், காதைக் கட்ட முடியுமா? கேட்டு முடித்ததும், சமீபத்தில் திறந்தவை என்று கம்ப்யூட்டர் காட்டும் பட்டியலிலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் பக்குவமாக எடுத்துவிடுவான். மனைவியின் தையல் டிசைன்களைத் தொடமாட்டான். சில நாள் அந்தப் பட்டியலே துடைத்துவிட்டாற்போலக் காலியாகக் கிடக்கும். பழைய கம்ப்யூட்டர்தானே, மறதி வந்துவிட்டது போல என்று விட்டுவிடுவான்.

அன்று காலை வீடியோ ஓடும்போதே கரண்ட் போய்விட்டது. தடத்தை அழிக்க முடியவில்லை. பகலெல்லாம் லிப்ட் குழிக்குள் நின்றுகொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தான். அவள் பார்த்துவிட்டால்? நாளைக்கு ஏதாவது ஆகி, 'இவர் பார்த்ததால்தான்' என்று அவள் மனசுக்குள் நினைத்துவிட்டால்? அதை மட்டும் அவனால் தாங்க முடியாது.

சாயங்காலம் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே ஓடினான். கம்ப்யூட்டர் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் தள்ளு. ஒரு பில் பார்க்கணும்."

"எந்த பில்? நானே பார்த்துச் சொல்றேன்" என்றாள், மவுஸை விடாமல்.

எட்டிப் பார்த்தான். பட்டியல் காலி. அவன் விட்டுப்போன வரியும் இல்லை, அவளுடைய டிசைன்களும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. மறு நொடியே உறைத்தது: அவன் அழிக்கவில்லையே!

"இதை நீயா அழிச்சே?"

அவள் தலை குனிந்தது. "ஒண்ணை மட்டும் எடுக்க எனக்குத் தெரியாது. அதான் மொத்தமா..." குரல் உடைந்தது. "தினமும் மத்தியானம் கேட்டுடறேங்க. பயமாத்தான் இருக்கு. ஆனா கேக்காம இருக்க முடியலை."

"அடிப்பாவி! நான் தினமும் காலையில!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். அவன் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீடியோவை ஓடவிட்டான்.

அறை முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவன் அவன். இதற்கு ஒயர் இல்லை, சுவிட்ச் இல்லை, யாரும் வந்து மாட்டவும் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற உயிர் ஒன்று, ஒருத்தரையும் கேட்காமல் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தினமும் கேட்டதுதான், ஆனாலும் இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்பதுபோல இருந்தது.

"என்ன வேகம் பாருங்க" என்றாள் அவள் மெதுவாக. "எங்கேயோ அவசரமா ஓடி வர்ற மாதிரி."

"எங்கேயோ என்ன? நம்மகிட்டதான்."

வீடியோ நின்றது. பழக்கதோஷத்தில் அவன் கை மவுஸுக்குப் போனது. அவள் பிடித்து நிறுத்தினாள்.

"இருக்கட்டுங்க. நம்ம வீட்டு ஆளை நாமளே ஏன் ஒளிக்கணும்?"

அவன் கையை எடுத்துக்கொண்டான்.