கம்பின் நிழலும் பனையின் நிழலும்

இசக்கித்தாயின் ஓட்டு வீட்டுக்கு நாற்பத்தைந்து அடி தள்ளி, உத்திரத்துக்கு வெட்ட வேண்டிய முற்றிய பனை நின்றது. மறுபக்கம் மின்கம்பி போவதால் வீட்டுப் பக்கமாகத்தான் சாய்க்க முடியும்.

மரம் வெட்டும் உச்சிமாகாளி காலையில் ஐந்தடிக் கம்பை நட்டு அளந்தார். அதன் நிழலும் ஐந்தடி இருந்தது. பிறகு டீக்கடைக்குப் போய், ஆற அமரப் பேசிவிட்டு வந்து, பனையின் நிழலை அளந்தார்.

"நிழலு நாப்பதடி. அப்போ மரமும் நாப்பதடிதான். ஓட்டுல தூசிகூட விழாது தங்கச்சி" என்று கோடரியை எடுத்தார்.

"நில்லுங்க அண்ணாச்சி! நீங்க டீ குடிக்கப் போனா சூரியனும் நின்னு காத்துக்கிட்டா இருக்கும்?"

உயரம் கூடக் கூட நிழலும் அதே விகிதத்தில் கூடும். ஆனால் அந்த விகிதம் ஒரே நேரத்து நிழல்களுக்குத்தான் பொருந்தும். இசக்கித்தாய் கம்பின் நிழலை மறுபடி அளந்தாள். இப்போது நாலடிதான் இருந்தது. நாலடி நிழலுக்கு ஐந்தடி உயரம் என்றால் நாற்பதடி நிழலுக்கு ஐம்பதடி.

உச்சிமாகாளி ஓட்டு வீட்டை ஒருமுறை பார்த்தார். "அடேயப்பா, ஒரு டீ பத்தடிய முழுங்கிட்டுதே!"

கயிற்றோடு ஏறி, நுனியில் பத்தடியை முதலில் வெட்டி இறக்கினார். அதன்பின் சாய்ந்த பனை, சுவருக்கு ஐந்தடி முன்னால் தூசி கிளப்பிப் படுத்தது.