ஊசிக்குப் பயந்தவன்

பதினோராவது நாற்காலியைப் பிரித்துப் போடும்போது சித்தி அவன் காதுபடச் சொன்னாள்.

"பரவாயில்லையே. நாற்காலி தூக்கறதுக்கெல்லாம் பயமில்ல போல."

அவன் பன்னிரண்டாவதை எடுத்தான். கால்பந்து நடுவர். வாரக் கடைசி தோறும் இருபத்திரண்டு பேரும் அவர்களுடைய மாமன் மச்சான்களும் திட்டித் திட்டிக் காது காய்த்துப்போனவன். வீட்டில் பெயரே விசில்தான். அவனுக்குச் சித்தியெல்லாம் எந்த மூலைக்கு.

அக்காவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வண்டி கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. காலை ஆறு மணிக்கு அவள் உயிர் போனது. வயது நாற்பத்து மூன்று. மூச்சுக்கு அவள் பட்ட பாட்டை இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால், அது நின்றதும் அவனுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஒரு 'அப்பாடா'. உடனே மனசுக்குள் தன்னை ஓர் அறை விட்டுக்கொண்டான்.

அக்காவின் உடம்பு அப்படி. வெளியிலிருந்து வரும் கிருமியை எதிர்க்கத் திராணி இல்லை. சொந்தக் குடலையும் ரத்தத்தையும் நுரையீரலையும் அடித்து நொறுக்க மட்டும் தெம்பு இருந்தது. மருத்துவர் அவன் தொழிலைக் கேட்டுவிட்டு விளக்கினார். "ரத்தத்துல டி செல்னு இருக்குங்க. சிலது ஆடற ஆளுங்க, சிலது உங்கள மாதிரி நடுவர். உங்க அக்காவுக்கு நடுவருங்க சரியா வேலை செய்யறதில்ல. கூடவே ஆடறவங்க கணக்கும் தாறுமாறு. அப்புறம் யாரு யாரை வேணா உதைப்பாங்க. பொறக்கும்போதே வந்த கோளாறு."

"நடுவருக்கு மரியாதை கிடைச்ச ஒரே இடம் இந்த ஆஸ்பத்திரிதான்," என்று அவன் வெளியே வந்து சொன்னதும் அக்கா சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள்.

எலும்பு மஜ்ஜை மாற்றலாம் என்றார்கள். தம்பியான அவனுடையது அச்சாகப் பொருந்தியது. அடுத்த வாரமே இன்னொரு முடிவும் வந்தது: அதே கோளாறு அவனுக்குள்ளும் இருக்கிறது, தூங்கிக்கொண்டு. பொருத்தம் பார்க்க எடுத்த அம்மாவின் ரத்தத்திலும் அதுவே. அவனுடையதைக் கொடுத்துப் பிரயோஜனமில்லை.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா தன்னாலதான்னு உடைஞ்சிடுவா," என்றாள் அக்கா. "நீ ஊசிக்குப் பயந்து மாட்டேன்னுட்டதா இருக்கட்டும். உன்னைப் பத்தி அப்படிச் சொன்னா யாரும் ஆதாரம் கேக்க மாட்டாங்க."

கேட்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு வருஷமாக அம்மா அவனோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் 'ணங்'கென்று வந்து உட்காரும். இப்போது உண்மை தெரிந்த ஒரே ஆளும் போயாயிற்று. இனி ஆயுசுக்கும் அக்காவைக் கைவிட்ட தம்பிதான்.

"டேய், இங்க வா."

அம்மா. அக்காவின் அறை வாசலில் நின்றிருந்தாள். நல்ல காட்சி கிடைக்கப்போகும் ஆசையில் சித்தி வழிவிட்டாள்.

உள்ளே போனதும் அம்மா கதவைச் சாத்தினாள்.

"சட்டையைக் கழட்டு."

"என்னம்மா?"

"கழட்டுடா."

அடிக்கத்தான் போகிறாள் என்று கழற்றினான். அம்மா ஜன்னல் திரையை விலக்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முதுகை.

"சிவப்பா புள்ளி ஏதாவது வந்துச்சா? அவளுக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது."

அவன் சட்டென்று திரும்பினான். "யாரு சொன்னா?"

"அவதான். முந்தாநேத்து, மூச்சுக்குக் குழாய் மாட்டறதுக்கு முன்னாடி. 'அவன் பயப்படலம்மா, நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்'னா."

"வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டாளே."

"ரெண்டு வருஷம் இருந்தாளே." அம்மாவின் கை அவன் தோளிலேயே நின்றது.

"உன்னாலன்னு நினைக்காதம்மா."

"நேத்து முழுக்க அதைத்தான் நினைச்சேன். அப்புறம் ஒண்ணு தோணிச்சு. எனக்கு அறுபத்தெட்டு. ஒரு நாள் படுத்ததில்ல. என்கிட்டயும் அதுதானே இருக்கு? உனக்கு என் மாதிரி வாய்ச்சிருக்கக் கூடாதா?"

இரண்டு வருஷமாகக் குளியலறையில் தன் உடம்பைத் தானே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இது தோன்றவே இல்லை. உடம்பிலிருந்து எதையோ இறக்கி வைத்தாற்போல அக்காவின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் குடுத்துப் பார்க்கச் சொன்னாங்களாமே. நீ ஒரு தடவையும் போகலையாம்."

"பயம்மா."

"ஊசிக்கா?"

அவன் அக்காவின் தலையணை உறையை நீவிவிட்டான்.

"நான் கூட வரேன்," என்றாள் அம்மா.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அம்மா அவசரமாகச் சட்டையை எடுத்து மாட்டி, அவளே பொத்தான்களைப் போட்டுவிட்டாள். ஒன்று தவறி, காலர் ஒரு பக்கம் மேலேறி நின்றது. அவன் அதை அப்படியே விட்டுவிட்டான்.

கதவைத் திறந்ததும் சித்தி அந்தச் சட்டையைப் பார்த்தாள். உள்ளே நாலு சாத்து விழுந்திருக்கிறது என்று அவள் நிறைவாக முடிவு செய்துகொண்டது முகத்திலேயே தெரிந்தது.

வண்டியின் பின்கதவு திறந்தது. கோணல் சட்டையோடு அவன் தலைமாட்டுப் பக்கமாகப் போய் நின்று, இரண்டு கைகளையும் நீட்டினான்.