தைத்த கழுத்து

மகனுக்குப் பெண் பார்க்க வந்த சாந்தாமணி, பெண்ணை விட்டுவிட்டுப் பெண்ணைப் பெற்ற வேணியின் தாடையை ஒரு விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். மண்டியில் கேரட்டைப் புரட்டிப் பார்க்கிற அதே பார்வை.

"அம்மிணி லட்சணமாத்தான் இருக்கு. நாளைக்கு உங்களாட்டக் கழுத்து தொங்கிருமோன்னுதான் ரோசனைங்க" என்றாள். காபியைக் குடித்தாள். பிடி கொடுக்காமல் மேட்டுப்பாளையத்துக்குக் காரேறிவிட்டாள்.

வேணியின் கணவர் ஹரிதாஸ் குன்னூரில் காய்கறி மண்டி நடத்துகிறவர். மூட்டையின் மேல்வாயில் நல்ல கேரட்டை அடுக்கியே முன்னுக்கு வந்தவர். கோயமுத்தூரில் கழுத்துத் தோலை இழுத்துத் தைக்கிற டாக்டரை மறுநாளே விசாரித்துவிட்டார்.

"ஏனுங்க, எனக்கு அம்பத்திரண்டு வயசாச்சு. கழுத்து தொங்காம என்ன பண்ணும்? கத்தின்னாலே நடுங்குதுங்க."

"உன்ற நடுக்கத்துக்காவ புள்ளைய ஊட்டுலயே வெச்சுக்கறதா? நாளைக்கு அவ கேட்டா நீயே பதில் சொல்லிக்க."

அதற்கப்புறம் வேணிக்கு வேறு வழியில்லை. "வேண்டாம்மா" என்று மகள் சுபாஷிணி அழுதாள். அந்த அழுகை அம்மாவின் கழுத்துக்கா, கைநழுவும் மாப்பிள்ளைக்கா என்று கேட்க வேணிக்குத் துணிச்சல் வரவில்லை.

காதுக்குப் பின்னால் அறுத்து, இழுத்து, தைத்தார்கள். வீக்கம் வடிந்த பிறகும், பக்கவாட்டில் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது. சிரித்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. சிரிக்க ஒன்றும் இல்லாததால் அது பெரிய தொந்தரவாகப் படவில்லை.

ஹரிதாஸ் கல்யாணத் தரகர் மூலம் சொல்லியனுப்பியதும் சாந்தாமணி மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவள் கணவர் ஏகநாதனும் கூட வந்தார், மலைக்குளிருக்குக் கம்பளிக் குல்லா மாட்டிக்கொண்டு.

சாந்தாமணி வேணியின் காதுமடலை விலக்கினாள். தழும்பு அகப்பட்டுவிட்டது.

"தச்சதுங்களா! தச்சது வம்சத்துல வருமுங்களா? அம்மிணி உங்க பழைய கழுத்துக்குத்தானுங்களே போவும்? அதுக்குச் சேத்தி ஒரு முப்பது பவுன் போட்டீங்கன்னா நாங்க கண்ண மூடிக்கறமுங்க."

ஹரிதாஸ் தொண்டையைச் செருமினார். "இருவதுல முடிச்சுக்கலாமுங்க."

வேணி உடம்போடு ஏகநாதன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்கண்ணா, அந்தக் குல்லாவக் கொஞ்சம் கழட்டுங்க. மாப்பிள்ளை நாளைக்கு எப்படி ஆவாருன்னு நாங்களும் பாத்துக்கறமுங்க. மொட்டையா இருந்தா நீங்க எத்தன பவுன் போடுவீங்கன்னு அப்பறம் பேசலாம்."

கதவருகே நின்ற சுபாஷிணி சிரித்துவிட்டாள்.

ஏகநாதன் இரண்டு கைகளாலும் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.